நகல் காப்பு (கணினி விளையாட்டுகள்)

கணினி விளையாட்டைப் படியெடுப்பதைத் தடுக்கவோ, வாங்கியவர் அதை எத்தனை கணினிகளில் நிறுவலாம் என வரையறுக்கவோ செய்யப்படும் மென்பொருள் ஏற்பாடு நகல் காப்பு எனப்படும். தொடக்கத்தில் வட்டில் வேண்டுமென்றே பழுதான பகுதிகளை அமைப்பதும், அச்சிட்ட கையேட்டிலுள்ள ஒரு சொல்லைக் கேட்பதும் வழக்கமாயிருக்க, பின்னர் இணையவழிச் சரிபார்ப்பு அவற்றின் இடத்தைப் பிடித்தது. நிறுவனம் தன் சர்வரை நிறுத்திவிட்டால் விலைகொடுத்து வாங்கிய விளையாட்டே இயங்காமற்போகும் என்பது இம்முறையின் பெருங்குறை.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற சொந்தப் படியிலிருந்து வணிக நோக்கமற்ற தனிப்பயனுக்காக நிரலைப் படியெடுப்பதை உரிமைமீறலாகக் கருதுவதில்லை. எனவே, போலந்தில் 2008இல் தொடங்கப்பட்ட ஜி.ஓ.ஜி. தளம் விற்பதுபோன்ற நகல் காப்பற்ற விளையாட்டை வாங்கியவர் தம் வீட்டிலுள்ள பிற கணினிகளிலும் அதை நிறுவிக்கொள்ள இடமுண்டு. ஆனால் காப்பு இல்லாததாலேயே பதிப்புரிமை இல்லாமற்போவதில்லை என்பதால், நண்பர்களுக்குப் படியெடுத்து வழங்குவது மீறலே ஆகும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கத்தையே அளவுகோலாகக் கொண்ட இவ்வணுகுமுறை, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைவிட வாங்குவோருக்கு நியாயமானது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகக் காப்பை நீக்கப் பிறருக்கு உதவுபவர், உதவி பெறுபவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்தல் வேண்டும்.