படகும் பெரிய இயந்திரமும்

குமராட்சியில் வளர்ந்த நான் கொள்ளிடத்தில் கண்டவை துடுப்புப் படகுகளே. விசைப்படகைப் பரங்கிப்பேட்டைக் கரையிற்றான் முதலிற் பார்த்தேன். நம் நாட்டில் மீன்பிடி படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் பெருமுயற்சி ஒன்று, நார்வேயின் துணையோடு 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிற்று. அன்று பொருத்தியவை சிறு இயந்திரங்களே. பின்னர் அயல்நாடுகளில் இறாலுக்கு விலை ஏற, அங்கும் நம் கரையிலும் கடலடியை வாரும் இழுவைமடி பரவிற்று. அதை இழுக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதாயிற்று.

மாணவ நண்பர்களே, இயந்திரம் பெரிதானால் வேகமும் அவ்வளவு பெருகும் என்று எண்ணிவிடாதீர்கள். இருமடங்கு வேகத்துக்கு ஏறத்தாழ எண்மடங்கு ஆற்றல் வேண்டும். பெருகியது இழுக்கும் வலிமையே, எண்ணெய்ச் செலவுந்தான்!

அவ்வலிமை கரையோரத்தில் உலவியபோது கட்டுமரக்காரரின் வலைகள் அறுந்தன, கைகலப்புகளும் நேர்ந்தன. 1983-இல் தமிழ்நாடு சட்டமியற்றி, கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்தது. பின்னாளில் கட்டுமரக்காரரும் சிறு இயந்திரம் பொருத்திக்கொண்டனர்.