அயுத்தியாவின் செங்கற்கள்

சென்ற விடுமுறையில் நாமும் நம் வாழ்க்கைத் துணைவியாரும் பாங்காக்கிலிருந்து காலைப் புகைவண்டி ஏறி, இன்று தாய்லாந்து எனப்படும் சயாமின் பழந்தலைநகராகிய அயுத்தியாவை அடைந்தோம். நிலையத்தருகே படகேறி ஆற்றைக் கடந்தால் அழிந்த நகரம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்து, 400 ஆண்டுகளுக்கு மேல் செழித்து, 1767-இல் பர்மியப் படையால் எரியுண்ட நகரம் அது.

அரண்மனைக் கோயிலாகிய வாட் பிரா சி சன்பேட்டில் மூன்று பெருந்தூபிகள் நிமிர்ந்து நிற்கின்றன. மன்னர் மூவரின் சாம்பலுக்கென எழுந்தவை அவை. சுற்றிலும் சுண்ணம் உதிர்ந்த சுவர்களில் செங்கல் தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்த்த துணைவியார், "அரசர் சாம்பலுக்கு இத்தனை உயரம்! இக்கல்லைச் சுமந்தவர் சாம்பல் எங்கே?" என்று வினவினார். நாள்தோறும் பெரட்டில் ஆட்பெயர் பதியும் கிராணியாகிய நாம் விடையின்றி நின்றோம்.

அரசனுக்குரிய 'பிரை' என்னும் குடிகள் ஆண்டில் 6 மாதம் கூலியின்றி உழைத்தல் அந்நாட்டு வழக்கம். 1782-இல் பாங்காக் தலைநகரானபோது, அதன் மதிலுக்காக இவ்விடிபாட்டுச் செங்கற்கள் படகேறின. சுமந்தவர் மீண்டும் எளியவரே. மன்னர் சுலாலங்கோர்ன் காலத்தில்தான் (1868–1910) அக்கட்டாய ஊழியம் ஒழிந்தது.

தோழர்களே! பழம்பெருமை பேசுவோர் மன்னர் பெயரையே அடுக்குவர். உழைத்தவரை மறந்த வரலாறு பாதி வரலாறே. மறுபாதியை எழுதுங் கடன் நம்முடையது.