டெய்லிங்ஸ்: கேஜிஎஃப் 'சயனைடு மேடு'களின் ஆங்கிலப் பெயருக்கு என்ன அர்த்தம்?

கேஜிஎஃப் என்றதும் உங்களுக்கு சினிமா ஞாபகம் வரலாம். ஊருக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது வெளிறிய மண்மேடுகள்தான். ஊர்க்காரர்களுக்கு அது 'சயனைடு மேடு'. அரசு ஆவணங்களில் அதுவே 'டெய்லிங்ஸ்'.

யாரையோ பின்தொடர்வதற்கும் ஆங்கிலத்தில் 'டெய்லிங்' என்பார்கள். இது அது இல்லை. ஆனால் வேர்ச்சொல் ஒன்றுதான்: 'டெய்ல்', அதாவது வால். தானியம் தூற்றும்போது வால்பக்கமாக ஒதுங்கும் மட்டமான மணிகளை அப்படிச் சொன்னார்கள். நம்ம ஊர் விவசாயி 'கருக்காய்' என்பாரே, கிட்டத்தட்ட அதுதான். களத்திலிருந்த அந்தச் சொல் சுரங்கத்துக்கும் போனது: தாதுவில் வேண்டியதை எடுத்தபிறகு மிஞ்சுவது டெய்லிங்ஸ்.

கோலாரில் 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள்தான் பெரும்பாலும் பூமிக்கடியில் இறங்கினார்கள். வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். கிளாஸ்கோவில் உருவாகி 1887-ல் காப்புரிமை பெற்ற முறை அது. மிச்ச மாவைக் குவித்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. மேடுகள் அப்படியே நின்றுவிட்டன.

பெயரில் சயனைடு இருந்தாலும் அது வெயிலில் பெருமளவு சிதைந்துவிடும். காற்றடித்தால் பறக்கும் பாறைத்தூள்தான் தினசரித் தொல்லை. சிலிகா தூசு நுரையீரலை என்ன செய்யும் என்பது சுரங்கக் குடும்பங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமில்லை. டெய்லிங்ஸை அணைகட்டித் தேக்கினாலும் ஆபத்து உண்டு. பிரேசிலின் புரூமாடினோவில் 2019 ஜனவரியில் அப்படியொரு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள்.

இப்போது இந்தக் கருக்காய்க்கும் விலை வந்திருக்கிறது. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் தூள் இருப்பதாகக் கணக்கு. அதில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு டன் என்பது 10 லட்சம் கிராம். அதிலிருந்து ஒரு கிராம் தங்கம் எடுத்தால்கூட 9,99,999 கிராம் தூள் மிஞ்சும். அதுவும் டெய்லிங்ஸ்தான். அடுத்தமுறை டெண்டர் செய்தி வந்தால், அந்தத் தூளை எங்கே கொட்டப்போகிறார்கள் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.