செமினியில் பிரிட்டிஷ் பட்டம் படித்தால் பிரிட்டனில் வேலை செய்யலாமா? விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்துவிட்டால் செமினி, காஜாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கு போனாலும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எங்கே சேர்ப்பது? வெளிநாட்டுப் பட்டம் கிடைத்தால் வெளிநாட்டிலேயே வேலையும் கிடைத்துவிடும் என்று நம்பி, சேமநிதிப் பணத்தை எடுத்தும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் பலர். பட்டம் யார் பெயரில் வருகிறது என்பது ஒரு கேள்வி. அதைக் கொண்டு எந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடைக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் பின்னர் ஏமாற்றம் அடைகின்றன.

பட்டம் ஒன்றுதான், விசா வேறு

செமினி, புரோகா சாலையில் இருக்கும் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் நம் வட்டாரத்துக்கு நன்கு தெரிந்த இடம். 2000ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கி, 2005இல் செமினிக்கு மாறியது. மலேசியாவில் கிளை திறந்த முதல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் அது. அதற்கு முன்பே, 1998இல், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் பண்டார் சன்வேயில் கால் பதித்திருந்தது. 1996ஆம் ஆண்டு தனியார் உயர்கல்விக் கூடங்கள் சட்டம்தான் இவற்றுக்கெல்லாம் வழி திறந்தது.

இந்த வளாகங்களில் படிப்பவருக்குக் கிடைப்பது தாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டமே. அதில் ஐயம் வேண்டாம். கட்டணமும் பொதுவாக அங்கு போய்ப் படிப்பதைவிடக் குறைவு. தினமும் வீட்டுச் சாப்பாடு, சொந்த மோட்டார்சைக்கிளில் போய்வரலாம் என்பதெல்லாம் கூடுதல் மிச்சம்.

ஆனால் பிரிட்டன், படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கும் 'பட்டதாரி விசா' இந்த வளாகத்தில் படித்தவர்களுக்குக் கிடையாது. மாணவர் விசாவில் பிரிட்டனுக்குள் இருந்து, குறிப்பிட்ட காலம் அங்கேயே படித்தவர்களுக்கு மட்டுமே அந்த விசா. ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். அங்கே 485 வகை விசா பெற, ஆஸ்திரேலிய மண்ணில் பதிவுபெற்ற படிப்பை குறைந்தது 92 வாரம் படித்திருக்க வேண்டும். சன்வேயில் படித்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது.

3+0, 2+1 என்றால் என்ன?

தனியார் கல்லூரிகளின் விளம்பரங்களில் இந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள். 3+0 என்றால் மூன்று ஆண்டும் மலேசியாவில். அங்கே போக வேண்டியதில்லை. 2+1 என்றால் இரண்டு ஆண்டு இங்கே, கடைசி ஆண்டு அங்கே.

பிரிட்டனின் விதிப்படி, 12 மாதத்துக்கு மேற்பட்ட படிப்பாக இருந்தால் குறைந்தது 12 மாதமாவது மாணவர் விசாவில் அங்கே படித்திருந்தால்தான் பட்டதாரி விசாவுக்குத் தகுதி. இங்குதான் 2+1 மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடைசி ஆண்டு என்பது பல இடங்களில் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மே, ஜூன் மாதத்தில் முடிந்துவிடும். அந்தப் படிப்பு உங்களைத் தகுதியாக்குமா என்று பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். முகவரின் வாய்வார்த்தை போதாது.

செமினி வளாக மாணவர்கள் ஒரு பருவமோ ஓராண்டோ பிரிட்டன் வளாகத்தில் படிக்கும் பரிமாற்றத் திட்டமும் உண்டு. அனுபவத்துக்கு மிகவும் நல்லது. ஒரு பருவப் பயணத்தை நம்பி அங்கே வேலைக் கனவு காண முடியாது.

எந்தத் தகுதியோடு விண்ணப்பிப்பது?

எஸ்.பி.எம். மட்டும் வைத்து பிரிட்டனில் நேரடியாக இளங்கலைப் படிப்பில் சேர முடியாது. ஏ லெவல், எஸ்.டி.பி.எம்., ஃபவுண்டேஷன் போன்ற பல்கலைக்கழகப் புகுமுகக் கல்வி ஒன்று தேவை.

இதில் எஸ்.டி.பி.எம்.ஐ நம் சமூகம் குறைத்து மதிப்பிடுகிறது. அரசு இடைநிலைப்பள்ளியில் மிகக் குறைந்த செலவில் ஆறாம் படிவம் படிக்கலாம். அந்தச் சான்றிதழை பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டுக் கதவைத் திறக்கும் மலிவான சாவி இதுவே. மெட்ரிகுலேஷன் உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நல்ல வழி. ஆனால் வெளிநாடுகளில் எஸ்.டி.பி.எம். அளவுக்கு எல்லா இடத்திலும் ஏற்கப்படுவதில்லை.

பிரிட்டனில் இளங்கலைக்கு 'யூகாஸ்' என்ற பொது அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் 5 படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு முந்திய ஆண்டு அக்டோபர் 15 கடைசி நாள். மற்றவற்றுக்குப் பொதுவாக ஜனவரி. 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: இந்தப் படிப்பு ஏன், பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். குடும்பக் கடையில் கணக்குப் பார்த்ததும், தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் மூன்றாவது கேள்விக்குப் பதில்தான். எழுதத் தயங்க வேண்டாம்.

ஆங்கிலத் தகுதிக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வு வழக்கம். எஸ்.பி.எம். ஆங்கிலத்தோடு வரும் 1119 தேர்ச்சியைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பிரிட்டன்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் 'சி.ஏ.எஸ்.' எனும் உறுதி எண்ணைத் தரும். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. மலேசியாவிலிருந்து செல்வோர் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

படிப்புக் கட்டணம் நீங்கலாக வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற இடங்களுக்கு 1,171 பவுண்டு என 9 மாதத்துக்குக் கணக்கிடுகிறார்கள். லண்டனுக்கு வெளியே என்றால் 10,539 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 5 ரிங்கிட் என்று குறைத்துப் போட்டாலும் 52,000 ரிங்கிட்டைத் தாண்டும். இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். உறவினரிடம் இரண்டு நாள் கைமாற்று வாங்கிக் காட்டும் வேலை இங்கே பலிக்காது.

விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். அதோடு சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும்.

படிக்கும்போது பட்டப்படிப்பு மாணவர் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் முழு நேரம். சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. உணவு விநியோகச் செயலிகளில் ஓட்டுவது சொந்தத் தொழிலாகவே கருதப்படுவதால் அதுவும் விசா மீறல்தான். பகுதிநேரச் சம்பளத்திலேயே படிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து, பாட அடிப்படையிலான முதுகலை மாணவர்கள் மனைவி அல்லது கணவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல முடியாது என்பதையும் மணமானவர்கள் கவனிக்க வேண்டும்.

படித்த பிறகு வேலை

பிரிட்டனின் பட்டதாரி விசா 2021 ஜூலை 1இல் தொடங்கியது. இளங்கலை, முதுகலை முடித்தவர்களுக்கு 2 ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு 3 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. இப்போது சேரும் மாணவர்கள் 18 மாதத்தை வைத்தே திட்டமிட வேண்டும்.

இந்த விசாவுக்கு முதலாளியின் ஆதரவு தேவையில்லை. எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் நீட்டிக்க முடியாது. மாணவர் விசா முடிவதற்குள், பிரிட்டனில் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். பட்டமளிப்பு முடிந்து ஊருக்கு வந்துவிட்டு இங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் வாய்ப்பு போய்விடும்.

அதற்குப் பிறகும் அங்கே இருக்க, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று திறன்தொழிலாளர் விசாவுக்கு ஆதரவு தர வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதற்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. 26 வயதுக்குட்பட்டோர், புதிய பட்டதாரிகள் போன்றோருக்கு 33,400 பவுண்டு. வேலையும் பட்டதாரி நிலை வேலையாக இருக்க வேண்டும். செமினியில் படித்தவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. ஆனால் இங்கிருந்தபடியே அப்படியொரு முதலாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் 485 விசா இளங்கலைப் பட்டதாரிக்குப் பொதுவாக 2 ஆண்டு. 2024 ஜூலை முதல் பெரும்பாலோருக்கு வயது வரம்பு 35. வேலை பார்த்துவிட்டு நடுவயதில் படிக்கப் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூர் பக்கத்து வீடு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டண மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் 3 ஆண்டு வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். கடன் குறையும், வேலை அனுபவமும் சேரும். போட்டி மட்டும் கடுமை.

பணத்துக்கு எங்கே போவது?

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான். வெளிநாடு செல்வோருக்கு இல்லை. தனியார் கல்விக் கட்டணம் முழுவதையும் அது ஈடுகட்டாது.

ஊழியர் சேமநிதியில், 2024 மே மாதம் உருவான மூன்று கணக்குகளில் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து பிள்ளையின் டிப்ளோமா, பட்டப்படிப்புக்குப் பணம் எடுக்கலாம். உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் பொருந்தும். ஓய்வுக்காலக் கணக்கைத் தொட முடியாது. அது நல்லதுதான்.

ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் வழங்குகிறது. துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. தாத்தா பாட்டி அதில் பங்கு வாங்கியிருக்கிறார்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சிறந்த எஸ்.பி.எம். தேர்ச்சி உள்ளவர்கள் பொதுச் சேவைத் துறை, பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ், யாயாசான் கசானா உபகாரச் சம்பளங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

உபகாரச் சம்பளத்துக்கும் வெளிநாட்டு வேலைக்கும் சில நேரம் மோதல் வரும். பொதுச் சேவைத் துறை உபகாரச் சம்பளத்தில் பணி ஒப்பந்தம் உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளத்தில் முதுகலை படிப்பவர் முடித்ததும் 2 ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். கையெழுத்திடுமுன் படியுங்கள்.

ஏமாறாமல் இருக்க

பல்கலைக்கழகங்கள் முகவர்களுக்குத் தரகுப் பணம் தருவது வழக்கம். ஆகவே 'இடம் வாங்கித் தர' உங்களிடம் பெருந்தொகை கேட்பவரைச் சந்தேகியுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே நேரடியாகக் கட்டுங்கள். தனியார் பெயரில் உள்ள கணக்கில் போட வேண்டாம். உள்நாட்டுப் படிப்பு என்றால் எம்.கியூ.ஏ. தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, படிப்புக்கும் இருக்க வேண்டும்.

மருத்துவம், சட்டம், பொறியியல் படிப்போர் நாளை மலேசியாவுக்குத் திரும்பினால் தொழில் செய்ய முடியுமா என்பதை மலேசிய மருத்துவ மன்றம், சட்டத் தொழில் தகுதி வாரியம், மலேசியப் பொறியாளர் வாரியம் ஆகியவற்றில் முதலிலேயே உறுதி செய்ய வேண்டும்.

'முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சு இன்னும் நம் பகுதிகளில் ஓய்ந்தபாடில்லை. மலேசியக் கடப்பிதழ் பல நாடுகளுக்கு எளிதாக நுழைய உதவுகிறது என்பதே இதற்கு முதல். பிரிட்டனில் வருகையாளராக நுழைந்தவர் உள்ளிருந்தபடி மாணவர் விசாவுக்கு மாற முடியாது. 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவிலும் வருகையாளர் விசாவில் இருந்தபடி மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் நாடு கடத்தலோடு, எதிர்காலத்தில் படிக்கப் போகும் வாய்ப்பும் அடைபடலாம்.

சேருமுன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

1. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? எந்த ஆண்டு எந்த நாட்டில் படிப்பு?

2. அந்த நாட்டின் படிப்புக்குப் பிந்திய வேலை விசாவுக்கு இந்தப் படிப்பு தகுதி தருமா?

3. கடைசி ஆண்டு அங்கே போக முடியாவிட்டால் இங்கேயே பட்டத்தை முடிக்கலாமா?

4. மொத்தக் கட்டணம் எவ்வளவு? ஆண்டுதோறும் உயருமா? விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

5. மலேசியாவில் இந்தப் பட்டத்தோடு தொழில்பதிவு செய்யலாமா?

விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் குடிநுழைவு இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். மேற்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தரத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.