ஊர் திரும்பிய கல்

எத்தியோப்பியாவின் வடக்கே இருக்கிறது அக்சும். செங்கடல் வணிகத்தில் செழித்து, சொந்தமாகத் தங்க நாணயமும் வெளியிட்ட பேரரசின் தலைநகர் அது. ஊருக்கு மேற்கே சுமார் 4 கி.மீ. தொலைவிலுள்ள மலையில், கி.பி. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரே பாறையாக வெட்டி எடுத்து, அரச குடியினரின் கல்லறைகள் இருந்த இடத்தில் ஒரு நெடுங்கல்லை நட்டார்கள். உயரம் 24 மீட்டர், எடை சுமார் 160 டன். அடியில் கதவு, மேலே அடுக்கடுக்காய்ச் சன்னல்கள், உத்தரங்களின் முனைகள்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். எதுவும் திறக்காது. மாண்டவர்களுக்கான மாளிகை அல்லவா!

பின்னாளில் கல் விழுந்து உடைந்தது. அப்படியே கிடந்ததை 1937இல் இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் படை ஐந்து துண்டுகளாக எடுத்துப்போய், மசாவா துறைமுகத்தில் கப்பலேற்றியது. பழைய ரோமப் பேரரசர்கள் எகிப்திலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நட்டவர்கள். அந்த வரிசையில் தன்னையும் வைத்துக்கொள்ள முசோலினிக்கு ஒரு கல் தேவைப்பட்டது. ரோமில், பழைய தேரோட்டத் திடலான சிர்க்கஸ் மாக்சிமஸ் அருகே துண்டுகளை இணைத்து அதை நிறுத்தினார்கள்.

1947 சமாதான உடன்படிக்கையில், கொண்டுபோனவற்றை 18 மாதங்களுக்குள் திருப்பித் தருவதாக இத்தாலி ஒப்புக்கொண்டது. கல் ஊர் வந்து சேர 58 ஆண்டுகள் ஆயின. 2002இல் இடி விழுந்து அதன் உச்சி சிதைந்த பிறகுதான் பிரிக்கும் வேலை தொடங்கியது. மசாவா இப்போது எரித்திரியாவில் இருக்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே நடந்த போருக்குப் பின் அந்த வழியும் அடைபட்டிருந்தது. அதனால் 2005 ஏப்ரலில் இம்முறை மூன்று துண்டுகளாகப் பிரித்த கல்லை அன்டோனோவ் சரக்கு விமானம் மூன்று நடையாகச் சுமந்து வந்தது. 2008 செப்டம்பரில் நிமிர்ந்த கல்லை ஊரே கூடி வரவேற்றது.

மறுபடி நடுவதற்கு முன் நிலத்தை ஆராய்ந்தபோது, மேலும் கல்லறை அறைகள் புதைந்திருப்பது தெரியவந்தது. பக்கத்திலேயே சுமார் 21 மீட்டர் கல் ஒன்று நிற்கிறது. 33 மீட்டர் கல் ஒன்று விழுந்து கிடக்கிறது. அக்சும் போகிறவர்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு உயரம்வரை கல்லை எழுப்பலாம் என்று அந்தக் கைவினைஞர்கள் துணிந்து முயன்றது அப்போதுதான் விளங்கும். ரோமில் தனித்து நின்ற அறுபது ஆண்டுகளுக்கும் மேலான காலம் முழுவதும், கொள்ளையடித்தவனின் பெருமையை மட்டுமே அந்தக் கல்லால் சொல்ல முடிந்தது.