சிராப்பள்ளிக்கு எத்தனை தலை?

திருச்சி மலைக்கோட்டையில் படியேறுகிறவருக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே ஒரு கதை வந்து சேர்ந்துவிடும். திரிசிரன் என்னும் மூன்று தலை அரக்கன் பூசித்த தலமாம், அதனால் திரிசிரபுரமாம், அதுவே திருச்சிராப்பள்ளி ஆயிற்றாம். பக்தர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கல்லூரி மேடைகளிலும் இதையே சொல்லாராய்ச்சி என்று படித்தால் பொறுப்பதற்கில்லை.

சிரம், பள்ளி இரண்டும் புணர்ந்தால் சிரப்பள்ளி; ரகரம் குறிலாகவே நிற்கும். சம்பந்தரும் அப்பரும் பாடியதோ நெடிலோடு கூடிய சிராப்பள்ளி. ‘திரி’ அங்கே இல்லை. முன்னால் நிற்கும் ‘திரு’, ஆரூருக்கும் ஐயாற்றுக்கும் வந்த அதே அடைமொழி. அதைத் ‘திரி’ ஆக்கித் தலையை எண்ணத் தொடங்கியது பிற்காலப் புராண மரபு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் ‘திரிசிரபுரம்’ என்ற அடையோடு வழங்கிய 19ஆம் நூற்றாண்டில் அந்த வடிவம் புலவர் வழக்கில் ஊன்றிவிட்டது.

‘சிலா’ கட்சியார் வேறு. சிலா என்றால் கல். திருச்சிலாப்பள்ளி திரிந்து திருச்சிராப்பள்ளி ஆயிற்று என்பர். மாலா மாலை ஆயிற்று, சாலா சாலை ஆயிற்று, சபா சபை ஆயிற்று. சிலாவும் முறைப்படி சிலையாயிற்று. இந்த ஊருக்கு மட்டும் ஐகாரம் வராமல் லகரம் ரகரமானது எந்த விதியால்? ‘சிறு பள்ளி’ என்பாரும் உளர். றகரத்தையும் ரகரத்தையும் ஒன்றாக்குவோரிடம் வாதம் எதற்கு?

சங்கப் புலவர் இக்குன்றை அறிவர். அகநானூற்று நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் உறந்தைக்கு, அதாவது உறையூருக்கு, கிழக்கே காந்தள் அடர்ந்த நெடுங்குன்றைக் காட்டுகிறார், பெயர் சொல்லவில்லை. பெயர் பின்னால் வந்தது. யாரால் என்பதற்குப் ‘பள்ளி’ சாட்சி.

பள்ளி முதலில் படுக்கும் இடம். பள்ளியறையும் பள்ளியெழுச்சியும் அப்பொருளில் நிற்பவை. துறவி படுத்த குகை பள்ளியாயிற்று. மதுரையை அடுத்த மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்பிராமிக் கல்வெட்டிலேயே ‘பளிஇய்’ என்று இச்சொல் இருக்கிறது. சமண பௌத்தப் பள்ளிக்கு விட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம். பிள்ளைகள் படிக்குமிடம் பள்ளிக்கூடம். இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசல். அரசரைப் புதைத்த இடத்தில் எழுந்த கோயில் பள்ளிப்படை. அடைவுத் திருத்தாண்டகத்தில் பள்ளி என முடியும் ஊர்களை அப்பர் ஒரே பாட்டில் அடுக்குகிறார். சமணப் பள்ளியில் இருந்து மீண்டவர் அவர். சொல்லின் எடை அவருக்குத் தெரியாதா? பத்தாம் பாட்டுதோறும் சமணரைச் சாடும் சம்பந்தரும் இந்தப் பெயரை மாற்றவில்லை. ஊர் வாயில் அது அவ்வளவு ஊறிவிட்டிருந்தது.

இனி ‘சிரா’. தாயுமானவரைத் தொழுது, மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குரன் குடைவரையையும் பார்த்துவிட்டு மேலேறினால் உச்சிப் பிள்ளையார். அவருக்குப் பின்புறச் சரிவில், பாறை கூரைபோல் கவிந்த இடத்தில், கற்படுக்கைகள் உள்ளன. ஆள் நீளத்துக்கு மழமழவென்று தேய்த்த தளம். தலைமாட்டில் தலையணை போலக் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். அங்குள்ள பழைய எழுத்துப் பொறிப்புகளில் ‘சிரா’ என்ற பெயரைக் கல்வெட்டறிஞர் படித்துள்ளனர். எழுத்தமைதி ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தேவாரத்துக்கும் மகேந்திரனுக்கும் முந்தியது. நெடிலும் அப்படியே இருக்கிறது. அகத்தியான்பள்ளி, மயேந்திரப்பள்ளி போல ஆள்பெயர் முன்நின்ற பள்ளி இது.

‘சிரா என்றால் என்ன பொருள்?’ என்று மடக்குவார்கள். ஆள்பெயருக்கெல்லாம் பொருள் விளங்கித்தான் ஊர் அமைய வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் பாதி ஊருக்குப் பெயரே இராது. சிரா என்ற துறவி வாழ்ந்த பள்ளி சிராப்பள்ளி. இதுவே என் முடிபு. மறுப்பவர் முதலில் அந்த நெடிலுக்குக் கணக்குச் சொல்லட்டும். அரக்கனின் தலைகளைப் பிறகு எண்ணலாம்.