சேலம் நகரசபை புகட்டும் பாடம்

வரலாறு என்று சொன்ன அளவில் முடிமன்னரும் படையெடுப்பும் நம் நினைவில் எழுகின்றன. நாம் பருகும் நீரும், நடக்கும் வீதியும், இரவில் எரியும் விளக்கும் எந்தச் சபையின் பொறுப்பில் உள்ளனவோ, அந்த நகரசபையின் வரலாற்றை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. இக்குறையைச் சிறிதளவேனும் நீக்கும் கருத்துடன், சேலம் நகரசபையின் வரலாற்றினின்றும் இரண்டு செய்திகளை ஈண்டு எடுத்துரைக்கலானேன்.

1865-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகர அபிவிருத்திச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்வழி, அடுத்த ஆண்டாகிய 1866-இல் சேலம் நகரசபை தோன்றிற்று. வீட்டு வரி, வண்டி வரி, சுங்கம் முதலியன கொண்டு வீதிகளைச் செப்பனிடுதலும், சுகாதாரம் பேணுதலும், விளக்கிடுதலும் இத்தகைய சபைகளின் கடமைகளாயின. சபையினரை நியமிக்கும் அதிகாரம் தொடக்கத்தில் சர்க்கார் கையிலேயே இருந்தது. நியமித்தவர் நீக்கவும் வல்லவர் என்னும் எண்ணம் அதிகாரிகளுக்கு உண்டாதல் இயல்பே அன்றோ? அவ்வெண்ணம் முறையானதுதானா என்னும் வினாவைச் சேலமே எழுப்பிற்று.

1882-ஆம் ஆண்டில் அந்நகரசபையில் அங்கத்தினராயிருந்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். அவர் 1852-இல் பிறந்தவர். அப்பொழுது வயது முப்பது. வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. அவ்வாண்டில் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. பல்லாண்டு அண்டை அயலாராய் வாழ்ந்தோர் பகைவராயினமை அந்நகருக்கு நேர்ந்த பெருந்துயரமாகும். கலகத்தைத் தூண்டினார் என்று ஆச்சாரியார் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. நகரசபைப் பதவியினின்றும் அவர் நீக்கப்பட்டார். ஆயினும் வழக்கை எதிர்த்து வாதாடி, குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார்.

உயிருக்கும் மானத்துக்கும் வந்த இடர் நீங்கிற்று என்று பிறர் அமைந்திருப்பர். அவரோ அமையவில்லை. தம்மைப் பதவியினின்றும் நீக்கியது முறையன்று எனக் கூறி, இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். அரசாங்கத்தின் முன் ஒரு சிற்றூர் வக்கீல் எம்மாத்திரம் என்று எண்ணியவர் பலர் இருந்திருத்தல் கூடும். ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் 1884-இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருவர் குறையுடையார் என்று கருதிப் பதவியினின்றும் நீக்குமுன், அவர் தரப்பைச் சொல்ல இடங்கொடுத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு நூறு ரூபாய். தொகை சிறிது; நிலைபெற்ற நீதியோ பெரிது. பிற்காலத்து வழக்குகள் பலவற்றில் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்பெற்றுள்ளது.

இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், இன்னார் வாரியத்தில் அமரலாம், இன்னார் அமரலாகாது, கணக்குக் காட்டாதார் தகுதியிழப்பர் என்று முன்னரே வரையறுத்துக் கோயிற் சுவரில் வெட்டுவித்தன. தகுதியும் தகுதியின்மையும் ஒருவர் விருப்பு வெறுப்பில் நில்லாமல், எல்லாரும் அறிந்த விதியில் நிற்றல் வேண்டும் என்பதே அதன் கருத்து. அவ்வேலியில்லா விடத்துப் பதவி பயிராகாது, களையாகும்.

இனி இரண்டாவது செய்தி. 1911-இல் சேலம் நகரசபையில் அங்கத்தினராகச் சேர்ந்த சி. இராஜகோபாலாச்சாரியார், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராய் அமர்ந்தார். பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாய் விளங்கிய அப்பெரியார், பொதுவாழ்விற் பயின்ற முதற் பள்ளி இந்நகரசபையே. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் சேலம் நகரசபையில் முதன்முதல் அங்கத்தினராயினமைக்குக் காரணமாயிருந்தவர் அவரே. தெருவிலும் குளத்திலும் குலம் பார்த்த காலத்தில், வரி செலுத்துவோர் அனைவரும் உறையும் நகரின் சபையில் ஒரு சாரார்க்கு மட்டும் இருக்கை மறுக்கப்படுதல் எங்ஙனம் நீதியாகும்?

முதற் செய்தி, இருக்கையில் இருப்பவரைக் காரணம் கேளாது எழுப்புதல் கூடாது என்கின்றது. இரண்டாவது, இருத்தற்குரியாரை வாயிலிலேயே நிறுத்துதல் கூடாது என்கின்றது. இவ்விரண்டும் கூடினாலன்றி ஊராட்சி முழுமை பெறாது.

1866-இல் தோன்றிய அச்சபை 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. மாடங்கள் மாறின, அதிகாரங்கள் பெருகின, வாக்குரிமை வயது வந்தோர் அனைவர்க்கும் உரியதாயிற்று. ஆயினும் நாம் வாக்களிக்கச் செல்லும் நாளில், வேட்பாளர் நம்மவரா என்று கேட்கும் வழக்கம் மாறியதா? அன்பர்காள், நம் சங்கத்துப் பிள்ளைகள் நகரசபைக்குப் போட்டியிடுவரேல் நாம் மகிழ்வோம், அது தவறன்று. ஆனால் அவர்களிடம் நாம் கேட்கவேண்டிய வினா வேறு. கணக்கைக் காட்டுவையா? எதிர்ப்பவன் சொல்லையும் கேட்டு முடிவு செய்வையா? நம் வீதிக்கு வரும் நீர் பிறர் வீதிக்கும் வரச் செய்வையா? இவற்றிற்கு ஆம் என்று விடையிறுத்து, சொன்னவண்ணம் நடப்பவனே நகரசபைக்கு உரியவன். நம் குலத்துக்குப் பெருமை தேடுபவனும் அவனே.